கடைமடையில் நின்ற தூர்: வறட்சி தாங்கும் நெல்லை நம் வயலிலேயே உருவாக்குவது எப்படி?

மார்கழிக் கடைசியில் செட்டிநாட்டுக் கண்மாய் எதையாவது ஒன்றைச் சுற்றி வாருங்கள். மடையை ஒட்டிய செய்யில், அதாவது வயலில், நெல் தலைசாய்ந்து நிற்கும். அதே ஆயக்கட்டின் கடைமடையில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். கதிர் பாதி வெளியே வந்து, மீதி தொண்டையிலேயே சிக்கி, வெள்ளைச் சாவியாக, மணியில்லாத பதராக நிற்கும். அந்தச் சாவிக்கு நடுவே ஒரு தூர் மட்டும் மணி பிடித்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்போம். "தெய்வமா நின்னுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, அதையும் மற்றதோடு சேர்த்து அறுத்துக் களத்தில் ஒரே குவியலாகக் கொட்டிவிடுவோம்.

அந்தத் தூரைத் தனியாக முடிந்து வைப்பதில் தொடங்கும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டு, சாக்குநூல், அட்டைச் சீட்டு, பென்சில், தராசு, நாலைந்து பட்டத்துக்கான (சாகுபடிப் பருவத்துக்கான) பொறுமை போதும். காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கடைமடைச் செய்யில் ஏழு பட்டமாக இதைச் செய்து வருகிறேன். எனக்குப் பிசகியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வேலை: எதைத் தாங்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"வறட்சி தாங்கும் நெல் வேண்டும்" என்று எழுதினால் போதாது. நம் பக்கத்தில் வறட்சி இரண்டு விதமாக வரும். ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்தது ஒரு மழைக்கு முளைத்துவிட்டு, அடுத்த மழை வராமல் வாரக்கணக்கில் காய்வது ஒன்று. வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு நின்றுபோய், பூக்கும் நேரத்தில் கண்மாய் வற்றுவது இன்னொன்று. செம்பறாங்கல் கலந்த செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மழை நின்ற பத்தாம் நாளே பயிர் சுருளத் தொடங்கிவிடும்.

இந்த இரண்டும் வேறு வேறு குணங்களைக் கேட்கின்றன. இளம்பயிரில் காய்ந்தால், பிறகு மழை வந்ததும் தூர் கட்டி ஈடுசெய்துகொள்ளும் நெல் உண்டு. பூக்கும்போது காய்ந்தால் ஈடுசெய்ய நேரம் கிடையாது. கதிரின் கழுத்து நீளாது, மகரந்தப்பை வெடிக்காது, சூல் பிடிக்காது. அந்த ஒரு வாரக் காய்ச்சல் முழு வருட விளைச்சலையும் கொண்டுபோய்விடும். ஊர்ப் பெரியவர்களிடம் கடந்த பத்து வருடத்தில் எந்த வறட்சி அதிகம் கெடுத்தது என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது மார்கழி வறட்சி. கீழே வருவதெல்லாம் அதற்குத்தான்.

கொஞ்சம் மரபியல்

நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். அதன் மரபணு வரிசை முழுதும் 2005ல் படித்து முடிக்கப்பட்டது. அந்தப் பன்னாட்டு வேலையில் இந்தியாவும் பங்கெடுத்தது. சில குணங்களை ஒரே மரபணு ஆளும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து பொறுக்கிய எஃப்.ஆர். 13ஏ என்ற நெல், ஏறக்குறைய இரண்டு வாரம் வெள்ளத்தில் முழுதாக மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்குப் பெரும் காரணமான சப்1ஏ மரபணு இன்னதென்று 2006ல் தெரிந்தது. அந்தக் குணத்தை ஆந்திராவின் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து, 2009ல் இந்தியாவில் சுவர்ணா-சப்1 வெளியானது.

வறட்சிக்கு அப்படி ஒரே மரபணு கிடையாது. வேர் எவ்வளவு ஆழம் போகிறது, இலை எப்போது சுருள்கிறது, எத்தனை நாளில் பூக்கிறது, தண்டில் சேமித்ததை எவ்வளவு வேகமாக மணிக்கு அனுப்புகிறது என்று பல குணங்கள் சேர்ந்ததுதான் வறட்சி தாங்குவது. ஒவ்வொன்றுக்கும் பல மரபணுக்கள், ஒவ்வொரு மரபணுவின் பங்கும் சிறிது. வேரைச் செங்குத்தாக இறக்கும் டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவைப் பற்றி 2013ல் ஜப்பானியர்கள் எழுதினார்கள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நம் செம்மண்ணில், நம் மார்கழியில் அது தனியாக என்ன செய்யும் என்பதை வயலில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் வறட்சிக்கு வயலில் பொறுக்குவதை யாராலும் தவிர்க்க முடியாது. அந்த வயல் நம்மிடம் இருக்கிறது.

விதை சேர்த்தல்

சித்திரைக்கார், நூற்றிப்பத்து, குழியடிச்சான், அறுபதாங்குறுவை, பூங்கார் என்று நம் பக்கமும் ராமநாதபுரத்துப் பக்கமும் பழகிய நாட்டு நெல்லில் தொடங்குங்கள். செட்டிநாட்டு விருந்துக்குக் கருப்புக் கவுனிக்கு நிகரில்லை. ஆனால் அது வயதுகூடிய நெல். கடைமடைக்கு அதைத் தேர்வது உங்கள் ஆசையைப் பொறுத்தது.

நாட்டு நெல் என்பது ஒரே மாதிரிச் செடிகளின் கூட்டம் கிடையாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பல வம்சங்கள் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் கலப்புதான். ஆகவே ஒரே வீட்டுக் குலுக்கையிலிருந்து 10 கிலோ வாங்குவதைவிட, பத்து வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கிலோ வாங்குவது மேல். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் தொடங்கிய நெல் திருவிழா வழக்கமும் உதவும். 2 கிலோ வாங்கிப் போய், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

முளைப்புச் சோதனையைத் தவறவிடாதீர்கள். 100 விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எண்ணினால், 80க்கு மேல் முளைக்க வேண்டும். முட்டை மிதக்கும் உப்புக்கரைசலில் போட்டு மூழ்கிய நெல்லை எடுப்பதும் நல்ல பழக்கம். ஆனால் மூழ்கிய நெல் கனமான நெல் என்று மட்டும்தான் அர்த்தம். நல்ல வம்சமா என்பதை உப்புத் தண்ணீர் சொல்லாது.

எந்தச் செய்யில் விதைப்பது?

எல்லோரும் தவறுவது இங்கேதான், நானும் தவறினேன். விதைக்கென்று மடையடியில் இருக்கும் நல்ல செய்யை ஒதுக்குவது நம் பழக்கம். விதை பெருக்க அது சரி. பொறுக்குவதற்கு அது முழுத் தவறு. தண்ணீர் நிற்கும் இடத்தில் நன்றாக வளரும் செடி, தண்ணீர் இருக்கும்போது நன்றாக வளரும் செடி. வறட்சி வராத செய்யில் வறட்சி தாங்கும் மரபணுவுக்கு வேலையே இல்லை. அது இருக்கும் செடியும் இல்லாத செடியும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

முதல் இரண்டு பட்டம் நான் மடையடியில்தான் பொறுக்கினேன். உயரமாக, கரும்பச்சையாக, கதிர் நீண்டு நின்றவற்றையெல்லாம் எடுத்தேன். மூன்றாம் பட்டம் கடைமடையில் போட்டபோது பக்கத்துச் செய்க்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ராசா வீட்டுப் புள்ளைய காட்டுல விட்டமாதிரி இருக்குப்பா." அவர் சொன்னது அப்படியே உண்மை. பெரிய இலை அதிகத் தண்ணீரை இழுத்து, பூக்கும் முன்பே மண்ணைக் காயவைத்துவிட்டது.

ஆகவே கடைமடையில் விதையுங்கள். மேடு பள்ளம் குறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, வரிசையாக, குத்துக்கு ஒரே செடி வருமாறு 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். மூன்று நாலு செடி ஒரே குத்தில் இருந்தால், எது எந்த வம்சம் என்று பிரிக்க முடியாது. குறைந்தது 2,000 செடி இருக்கட்டும். உரத்தைச் சமமாகப் போடுங்கள். எருக்குவியல் கிடந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மழை அதிகமாகப் பெய்து மார்கழியிலும் தண்ணீர் நின்றுவிட்டால், அந்தப் பட்டத்தில் பொறுக்காதீர்கள். விதையைப் பத்திரப்படுத்திவிட்டு அடுத்த வருடம் பாருங்கள். மடையை அடைத்துவைக்க வழியிருந்தால், பயிர் தொண்டைக் கதிராக, அதாவது கதிர் தண்டுக்குள்ளேயே இருக்கும்போதே தண்ணீரை வடித்துவிடுங்கள். வீட்டில் திட்டு விழும், எனக்கும் விழுந்தது. ஐந்து சென்ட் போதும், முழுச் செய்யையும் காயவிட வேண்டாம்.

எதைப் பார்த்துப் பொறுக்குவது?

நோட்டை எடுத்துக்கொண்டு நான்கு தடவை வயலுக்குப் போக வேண்டும்.

முதல் தடவை பூக்கும்போது. ஒவ்வொரு செடியும் பூத்த வாரத்துக்கு ஒரு நிற நூலைக் கட்டுங்கள். முதல் வாரம் பூத்தவற்றுக்கு வெள்ளை, அடுத்த வாரத்துக்குச் சிவப்பு, அதற்கடுத்ததற்குப் பச்சை. இந்தப் படியை விட்டுவிட்டால் மீதி எல்லாமே வீண். காரணம் இதுதான்: வறட்சி வருமுன் பூத்து முடித்த செடி வறட்சியைத் தாங்கவில்லை, வறட்சியிடமிருந்து தப்பித்தது. அறுப்பின்போது நூல் இல்லாமல் பார்த்தால், குறுகிய வயதுச் செடிகளையே தாங்கியவை என்று நினைத்துப் பொறுக்கிவிடுவீர்கள். தப்பிப்பதும் ஒரு நல்ல குணம்தான். ஆனால் அதுதான் வேண்டுமென்றால், பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009ல் வந்த, 100 முதல் 105 நாளில் அறுக்கும் அண்ணா (ஆர்) 4 போன்ற ரகம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கி விதைத்துவிடலாம். நமக்கு வேண்டியது ஒரே வாரத்தில் பூத்தவற்றுக்குள் எது தாங்கியது என்பது.

இரண்டாம் தடவை, மண் வெடிக்கத் தொடங்கியபின், நடுப்பகலில். கண்ணாடி இலையை, கதிருக்கு அடுத்துள்ள கடைசி இலையைப் பாருங்கள். ஊசிபோலச் சுருண்டிருக்கிறதா, லேசாக மடிந்திருக்கிறதா? அன்று மாலையே திரும்பிப் போய், சுருண்டது விரிந்துவிட்டதா என்று பாருங்கள். நடுப்பகலில் சுருண்டு சாயங்காலம் விரிவது தண்ணீரைச் சிக்கனம் செய்யும் செடி. சாயங்காலமும் சுருண்டே கிடப்பது தோற்றுக்கொண்டிருக்கும் செடி.

மூன்றாம் தடவை, பால் பிடிக்கும்போது. கதிர் தொண்டையிலிருந்து முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான்காம் தடவை அறுப்புக்கு முன். ஒவ்வொரு நிற நூலுக்குள்ளும் தனித்தனியாக, சாவி குறைந்து மணி நிறைந்த செடிகளைக் குறியுங்கள். வரப்போரச் செடிகளைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் வெட்டவெளி இருப்பதால் அவற்றுக்கு வெயிலும் வேருக்கு இடமும் கூடுதல், பார்க்க எப்போதும் நன்றாகவே இருக்கும். பக்கத்துச் செடி செத்து இடைவெளி விழுந்த இடத்திலும் இதே ஏமாற்று உண்டு. 2,000 செடியில் 60 முதல் 100 வரை எடுத்தால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறுத்து, எண் எழுதிய சீட்டோடு தனி உறையில் போடுங்கள். மொத்தமாகப் போரடித்துவிட்டால் ஒரு வருட உழைப்பும் களத்திலேயே கலந்துவிடும்.

செடியை நம்பாதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள்

பொறுக்கிய செடி நன்றாக நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று வம்சம். இன்னொன்று அது நின்ற இடம். கீழே ஒரு பழைய நண்டு வளை ஈரம் பிடித்து வைத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி அதன் பிள்ளைகளை விதைப்பதுதான்.

அடுத்த பட்டத்தில் ஒரு செடிக்கு ஒரு வரிசை. 3 மீட்டர் வரிசையில் 20 செடி வரும். அதற்கு ஒரே கதிரின் விதையே போதும், மீதியைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒரு வரிசை, ஊரில் எல்லோரும் விதைக்கும் ரகத்தை வையுங்கள். அதுதான் அளவுகோல். வம்சத்தால் நின்ற செடியின் பிள்ளைகள் 20ம் ஏறக்குறைய ஒன்றுபோல நிற்கும். இடத்தால் நின்றதன் வரிசை சாதாரணமாகிவிடும். நான் எடுத்த 70ல் 50க்கு மேல் இந்தப் பட்டத்திலேயே கழிந்துபோயின. மனசு வலிக்கத்தான் செய்யும். கழித்துவிடுங்கள்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடிக்கும் பயிர். அயல் கலப்பு மிகக் குறைவு. அதனால் நாட்டு நெல்லில் ஒரு செடியைப் பிரித்தால், அதன் வம்சம் பெரும்பாலும் அப்படியே தொடரும். இப்படி வந்த ஒரு நெல்லின் கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912ல் தொடங்கியது. கோணாமணி நெல்லில் தானாகத் தோன்றிய மாறுபாட்டிலிருந்து பிரித்து, ஜி.இ.பி. 24 என்று 1921ல் வெளியிட்டார்கள். திரூர்குப்பத்தின் டி.கே.எம். 6 என்ற ரகத்துக்கு அது ஒரு பெற்றோர். டி.கே.எம். 6 வழியாக அந்த ரத்தம் ஐ.ஆர். 20 என்ற ரகம் வரை போயிருக்கிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903ல் அவரை விதைகளை வைத்துக் காட்டியது இது: ஒரே வம்சத்துக்குள் பெரிய விதையாகப் பார்த்துப் பார்த்து விதைத்தாலும் அடுத்த தலைமுறை பெரிதாவதில்லை. வம்சம் தூய்மையாகிவிட்டால் அதற்குள் பொறுக்க ஒன்றுமில்லை. அதன்பின் செய்ய வேண்டியது கலவன் (இடையில் கலந்த வேறு நெல்) நீக்குவது மட்டும்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டம்

மிஞ்சிய 10 முதல் 15 வம்சங்களைச் சிறு பாத்திகளில் போடுங்கள். 3 மீட்டருக்கு 2 மீட்டர் போதும். ஒவ்வொரு வம்சமும் மூன்று இடத்தில் வர வேண்டும், ஊர் ரகமும் அதுபோலவே. எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நமக்குப் பிடித்த நெல்லை நம்மையறியாமல் நல்ல பாத்தியில் வைத்துவிடுவோம். ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் அறுத்து, காயவைத்து, எடை போடுங்கள். ஒரு பாத்தியில் அதிகமாக வந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றிலும் ஊர் ரகத்தை முந்தியதை மட்டும் வையுங்கள். இதை இரண்டு பட்டம் செய்யுங்கள், ஒன்று காய்ந்த வருடமாகவும் ஒன்று மழை வருடமாகவும் அமைந்தால் நல்லது. காய்ந்த வருடம் கொடுத்து, மழை வருடம் சாய்ந்து விழும் நெல்லை யாரும் இரண்டாம் முறை விதைக்க மாட்டார்கள்.

கடைசியில் ஒரே வம்சத்தைத் தேர்ந்து மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது என் கருத்து. ஒரே உயரம், ஒரே வயது வரும் ஐந்தாறு வம்சங்களைக் கலந்து விதைக்கிறேன். நோய் ஒன்று வந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடாது. விதைச் சான்றுக்கு இது ஒத்துவராது, சொந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவரும்.

கலப்பு கட்ட நினைத்தால்

நாட்டு நெல்லின் தாங்கும் குணமும் புது ரகத்தின் விளைச்சலும் ஒரே செடியில் வேண்டுமென்றால் கலப்புதான் வழி. கை நடுங்காமல் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே தொட்டியில் வைத்துச் செய்யலாம்.

பாதிக்கு மேல் வெளிவந்த கதிரைத் தாயாக எடுங்கள். மாலை நாலு மணிக்கு மேல், ஏற்கெனவே பூத்த நெற்களையும் அடியில் உள்ள பிஞ்சுகளையும் கிள்ளிவிடுங்கள். மீதி ஒவ்வொன்றின் உமியையும் மேலே மூன்றில் ஒரு பங்கு சாய்வாகக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் நுனி மெலிந்த இடுக்கியால் எடுங்கள். ஒன்று தங்கினாலும் அது தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துவிடும். பட்டர் பேப்பர் உறை போட்டு மூடுங்கள். மறுநாள் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், தந்தைச் செடியின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே உதறி, மறுபடி மூடித் தேதி எழுதுங்கள். 25 முதல் 30 நாளில் மணி முற்றும். உமி வெட்டுப்பட்டதால் அரிசி வெளியே தெரியும், பயப்பட வேண்டாம். முதல் தடவை நான் 40 பூவில் செய்து 6 மணிதான் கிடைத்தது. அது போதும்.

அடித்தண்டு பச்சையான செடியைத் தாயாகவும், ஊதாவான செடியைத் தந்தையாகவும் வைத்தால் சோதனை சுலபம். பிள்ளையின் அடித்தண்டு ஊதாவாக வந்தால் கலப்பு பிடித்திருக்கிறது, பச்சையாக வந்தால் தாய் தன்னைத்தானே பெற்றுக்கொண்டது.

முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் குட்டை, நெட்டை, சிவப்பு, வெள்ளை என்று எல்லாம் உடைந்து வரும். அதில் 500 செடியாவது வளருங்கள். நோயாளிகளையும் உதிர்ப்பவற்றையும் மட்டும் கழியுங்கள். விளைச்சலுக்குப் பொறுக்க இன்னும் நேரம் வரவில்லை. கலப்புத் தன்மை ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகக் குறையும். இரண்டாவதில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, ஆறாவதில் ஏறக்குறைய 3. நான்காம் தலைமுறையிலிருந்து கடைமடையில் வைத்து மேலே சொன்னபடி பொறுக்குங்கள். நமக்கு வருடத்துக்கு ஒரு பட்டம்தான் என்பதால் ஏழெட்டு வருடம் ஆகும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கோடையில் ஒரு தலைமுறையைத் தள்ளிவிடலாம். பகல் குறுகினால்தான் பூக்கும் சம்பா வகைகளுக்கு இந்த வழி பலிக்காது.

ஆய்வுக்கூடம் உதவுவது இங்கேதான். இலைத் துண்டிலிருந்து மரபணுக் குறிப்பான்களைப் பார்த்து, வேண்டிய மரபணு வந்திருக்கிறதா என்று நாற்றுப் பருவத்திலேயே சொல்லிவிடுவார்கள். இது மரபணு மாற்றம் கிடையாது, வெறும் அடையாளம் பார்ப்பது. செட்டிநாட்டிலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நோட்டோடு போய்க் கேளுங்கள். ஏழு வருடக் கணக்கு எழுதிய நோட்டைப் பார்த்தால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

சமைத்துப் பாருங்கள்

வீட்டுப் பெண்களிடம் எண் மட்டும் எழுதிய அரிசிப் பொட்டலங்களைக் கொடுங்கள், எது எது என்று சொல்லாதீர்கள். சோறு, மறுநாள் பழையது, இட்லி மாவு மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு மிகப் பிடித்த வம்சம் ஒன்றை அப்பத்தா ஒரே வாயில் தள்ளிவிட்டது: "பழசு கொழகொழன்னு போகுதுடா, இத யாரு தின்பா?" அந்த வம்சம் இப்போது மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் மட்டும் இருக்கிறது.

விதையைக் காத்தல், உரிமை

நிழலில் காயவைத்து, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் மூடுங்கள். கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். பெரிய அளவுக்குக் குலுக்கையும் விதைக்கோட்டையும் போதும். சிறு மாதிரிகளைக் கண்ணாடிப் பாட்டிலில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்துபோட்டு, இறுக மூடி வையுங்கள். வறுத்த அரிசி மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தின் விதையை அதன் முத்திரைப் பெயரோடு விற்பது மட்டும் கூடாது. பதிவு பெற்ற ரகத்தை ஆராய்ச்சிக்காகக் கலப்புக்குப் பெற்றோராகப் பயன்படுத்தவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் நெல்லை உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம், அதற்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. தனியாளாகச் செய்வதைவிட ஊர்ப் பெயரில், விதை கொடுத்த பத்து வீட்டையும் சேர்த்துச் செய்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

விதையை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள்: உங்கள் வீடு, உங்கள் கண்மாய் வற்றினாலும் வற்றாத வேறொரு கண்மாயின் ஊர், ஒரு மரபணு வங்கி. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் வெளியிலும் இரண்டு சீட்டு. மையில் எழுதாதீர்கள், அழிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்: வம்சத்தின் எண், தாய்ச்செடி நின்ற செய், எந்த வாரம் பூத்தது, அறுத்த தேதி, அந்த மார்கழியில் கடைசி மழை பெய்த நாள்.